இருபத்தாறு புள்ளி நான்கு

ஜனவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். உங்கள் இடுப்புவலி போன வருஷம் இருந்த இடத்திலேயே இருக்கிறதா, இல்லை வேறு இடம் பார்த்துப் போய்விட்டதா? எழுதுங்கள்.

வருஷக்கணக்கில் எழுதாதவன் திடீரென்று எழுதுகிறானே, ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருக்கத்தான் செய்கிறது. நான் ஒரு சைக்கிள் செய்யப் போகிறேன். கடையில் முழுசாக வாங்கப் போவதில்லை. ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து, வீட்டிலேயே, என் கையால் பூட்டப் போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

அலுவலகத்தில் இருபது வருஷமாக உட்கார்ந்து நில வரைபடம் வரைந்து வரைந்து வயிறு முன்னால் போய்விட்டது. உடம்பை அசைக்கச் சொல்கிறார் டாக்டர். பழைய இரும்புக் கடையில் ஒரு பிரேம் கிடைத்தது. பச்சை நிறம். அங்கங்கே பெயிண்ட் உரிந்திருக்கிறது, ஆனால் குழாய் எதுவும் வளையவில்லை, பற்றவைத்த இடம் எதுவும் விடவில்லை. சமையலறைக்குப் பின்னால் சாமான் போடும் அறையைக் காலி செய்து அங்கே வைத்திருக்கிறேன். சக்கரம், செயின், பெடல், பிரேக், சீட் எல்லாம் வாங்க வேண்டும். எது எதோடு சேரும் என்று எனக்கு ஒரு எழவும் தெரியாது. உங்களை விட்டால் வேறு யாரைக் கேட்பேன்?

பதிலை என் அலுவலக முகவரிக்கே அனுப்புங்கள். போன் வேண்டாம். எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும், முன்னறையில் தும்மினால் சமையலறையிலிருந்து "என்னாச்சு" என்று குரல் வரும். அவளுக்குத் தெரிந்தால் என்னைக் கேலி செய்தே ஓட்டிவிடுவாள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மாப்பிள்ளை


ஜனவரி 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. குனிந்து வேலை செய்கிறவனுக்கு அது கூடப்பிறந்தது மாதிரி. நீங்களும் தங்கச்சியும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம்.

சிரித்து முடித்துவிட்டுப் படிக்கச் சொன்னீர்கள். சிரித்தேன். கடையில் வேலை செய்யும் ஆட்களுக்கும் படித்துக் காட்டினேன், அவர்களும் சிரித்தார்கள். பிறகு யோசித்துப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. நான் பூட்டுவதெல்லாம் அடுத்தவன் சைக்கிள். எனக்கென்று ஒன்று பூட்டியதே இல்லை.

ஒன்று மட்டும் மனசில் வையுங்கள். சைக்கிளில் எந்தச் சாமானும் தனியாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பக்கத்தில் இருக்கிற சாமானோடு ஒத்துப்போனால் நல்லது. பளபளவென்று இருக்கிறதே என்று எதையாவது வாங்கிவந்தால், வீட்டில் வந்து முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் அளவு கைக்கு வரும்வரை ஒரு ஆணிகூட வாங்காதீர்கள்.

நீங்கள் அளக்க வேண்டியது இவ்வளவுதான். பின்சக்கரம் மாட்டும் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. கீழே பெடல் அச்சு போகும் குழாயின் அகலம். சீட் கம்பி இறங்கும் குழாயின் உள்விட்டம், அதை மட்டும் வெர்னியர் அளவுகோல் வைத்து எடுங்கள், அரை மில்லிமீட்டர் தப்பினாலும் கதை கந்தல். பழைய பிரேம்களில் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. கடைசியாக, ஓட்டப்போகிற ஆளின் கால் உள்ளளவு. சுவரில் சாய்ந்து நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு கெட்டியான புத்தகத்தை வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். தனியாக இருக்கும்போது செய்யுங்கள், யாராவது பார்த்தால் மரை கழண்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

வயிற்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மச்சான்


பிப்ரவரி 2

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் நலம். இங்கே காலையில் நல்ல குளிர். அங்கே கடைக்குள் காற்று புகாமல் ஏதாவது செய்துகொள்ளுங்கள், இடுப்புக்கு ஆகாது.

அளவெல்லாம் எடுத்துவிட்டேன். தனித்தாளில் பிரேமை நாலில் ஒரு பங்கு அளவில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பின்காது இடைவெளி 120 மில்லிமீட்டர். அச்சுக் குழாய் 68. சீட் குழாய் உள்விட்டம் 26.4. மூன்று நாள் மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் அதேதான். அலுவலக வெர்னியர், யாருக்கும் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கால் உள்ளளவு 70 சென்டிமீட்டர்.

இங்கே நாலு கடையில் கேட்டுவிட்டேன், 26.4-க்கு சீட் கம்பி இல்லையாம். அப்படி ஒரு அளவே கிடையாது என்கிறான் ஒருவன்.

ஒரு பாவம் செய்துவிட்டேன், திட்டாதீர்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன கடிதம் வருவதற்கு முதல் நாளே ஒரு ஜோடி சக்கரம் வாங்கிவிட்டேன். வெள்ளி மாதிரி மின்னியது. மாட்டிப் பார்த்தால் பின் டயர் பிரேமில் இடிக்கிறது, சக்கரம் சுற்றவே மாட்டேன் என்கிறது. வீட்டில் வந்து முறைத்துக்கொண்டு நிற்கும் என்றீர்களே, அப்படியேதான் நிற்கிறது.

உங்கள்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் வரைபடத்தைப் பிரேம் போட்டு மாட்டலாம். வேலை மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன், வருகிறவன் எல்லாம் எந்தக் கம்பெனி வரைபடம் என்று கேட்கிறான். எங்கள் வீட்டு மாப்பிள்ளை கம்பெனி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சக்கரத்தைத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் வாங்கியது இருபத்தேழு அங்குலம், உங்கள் பிரேம் இருபத்தாறுக்கானது. கடைக்காரன் மாட்டேன் என்றால் சண்டை போடுங்கள். மாப்பிள்ளை முறுக்கை வேறு எதற்கு வைத்திருக்கிறீர்கள்?

இப்போது ஒரு கேள்வி. எழுபது சென்டிமீட்டர் கால் யாருடையது? கல்யாணத்தன்று எங்கள் வீட்டு வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டவர் நீங்கள். உங்கள் கால் எண்பத்தைந்துக்குக் குறையாது. முப்பது வருஷமாக மனுஷன் காலைப் பார்த்து சைக்கிள் கொடுக்கிறவன் நான். எனக்குத் தெரிந்து அந்த அளவுக் கால் என் தங்கச்சியுடையது.

அவளுக்கா? அப்படியென்றால் நல்ல விஷயம்தானே, எதற்கு வயிறு, டாக்டர் என்று சுற்றி வளைத்துச் சொன்னீர்கள்? தினமும் காலையில் நீங்கள்தானே பைக்கில் வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறீர்கள். அவளுக்கு எதற்கு சைக்கிள்? அதுவும், அவளுக்குத் தெரியாமல் அவள் காலை எப்படி அளந்தீர்கள்?

மச்சான்


மார்ச் 16

அன்புள்ள மச்சானுக்கு,

அவள் சுகமாக இருக்கிறாள். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

ஐந்து வாரம் பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதி எழுதிக் கிழித்தேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தூங்கும்போது டேப் வைத்து அளந்தேன். பாதியில் கண்ணைத் திறந்து "என்ன பண்றீங்க?" என்றாள். "எறும்பு" என்றேன். "சரி, தட்டிவிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

மற்றதைச் சொல்கிறேன். நவம்பரில் ஒரு காலை அவளைக் கொண்டுபோய் விடும்போது சிக்னலில் பைக் சாய்ந்து இரண்டு பேரும் விழுந்தோம். ரோட்டில் எண்ணெய் என்று சொன்னேன். எண்ணெய் இல்லை. இடது கையால் கிளச்சைப் பிடிக்க முடியவில்லை, விரல் சொன்னபடி கேட்கவில்லை. இரண்டு டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். நரம்பில் வருகிற நோய், அதனால் தசை மெலியுமாம். முதலில் இடது கை, அப்புறம் வலது, அப்புறம் மற்றதெல்லாம். மருந்து கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது. வருஷக்கணக்குதான் என்றார். எத்தனை வருஷம் என்று நான் கேட்கவில்லை.

அவளிடம் கழுத்து நரம்பு பிடித்திருக்கிறது, பயிற்சி செய்தால் சரியாகும் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லக்கூடாது. உங்கள் மேல் சத்தியம். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் இப்போது அவள்தான் மேற்பார்வை, ஆறரைக்கு உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. இன்னும் கொஞ்ச நாளில் நான் பைக்கைத் தொட முடியாது. அதற்குள் அவளுக்கு ஒரு வண்டி என் கையால் செய்து வைத்துவிட வேண்டும். கடையில் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம், தெரியும். அது எனக்கு ஆறவில்லை. இந்தக் கை போவதற்கு முன்னால் அவளுக்கு ஒன்று செய்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் முடியுமா என்று தெரியவில்லை. பிரேமில் பழைய பெடல் அச்சு துருப்பிடித்து உட்கார்ந்திருக்கிறது. அச்சைத் தாங்கும் இடப்பக்கக் கப்பைக் கழற்றிவிட்டேன். வலப்பக்கக் கப் அசையவே இல்லை. பிரேமை முழங்காலால் அழுத்திக்கொண்டு, வலது கையில் ஸ்பானரைப் பிடித்து, உடம்பு முழுக்கப் போட்டுத் திருப்பிவிட்டேன். நாலு நாள். நேற்று தரையில் உட்கார்ந்து அழுதேன் மச்சான். வலது கையும் ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளை


மார்ச் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்த அரைமணி நேரத்தில் எழுதுகிறேன். முதலில் கப் விஷயம்.

வலப்பக்கக் கப் எதிர்மரை. எல்லாத் திருகும் கழலும் திசைக்கு நேர் எதிராக அது கழலும். பெடல் மிதிக்க மிதிக்கத் தானாகக் கழண்டுவிடக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கடிகார முள் போகும் திசையில் திருப்புங்கள். நாலு நாளாக நீங்கள் அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, திசைதான் தப்பு. இதை முதல் கடிதத்திலேயே சொல்லாத என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்களுக்கு இது கைப்பழக்கம், சொல்ல வேண்டும் என்றே தோன்றுவதில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவையுங்கள், இவ்வளவு இறுக்கியதற்கு அது வேண்டும்.

மற்றதையும் படித்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆட்கள் வெளியே நின்று என்ன அண்ணாச்சி என்கிறார்கள். ஒன்றுமில்லை, தலைவலி என்று சொன்னேன். அவளிடம் சொல்ல வேண்டும் மாப்பிள்ளை. இப்போது இல்லாவிட்டாலும் சீக்கிரம். ஆனால் என் மேல் சத்தியம் வைத்துவிட்டீர்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நான் வந்து இரண்டே நாளில் பூட்டிக் கொடுத்துவிடட்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள். அதனால் பார்சலில் புது அச்சு, இரண்டு கப், பெடல் மாட்டும் கிராங்க், பெடல், இருபத்தாறு அங்குலச் சக்கரம் ஒரு ஜோடி, பிரேக் அனுப்புகிறேன். எல்லாம் உங்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அளந்து எடுத்தது. பெடலிலும் இடது பெடல் எதிர்மரை. பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மருந்தை விடாதீர்கள்.
மச்சான்


ஏப்ரல் 14

அன்புள்ள மச்சானுக்கு,

கழண்டுவிட்டது! ஒரே திருப்பு. கடக் என்று சத்தம், அவ்வளவுதான், ஏதோ நாலு நாளாக என்னோடு விளையாடியது மாதிரி. தரையில் உட்கார்ந்தபடி சத்தமாகச் சிரித்தேன். "தனியா என்ன சிரிப்பு?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள். "பழைய ஞாபகம்" என்றேன். "யாரு ஞாபகம்?" என்று கரண்டியோடு வந்து நின்றாள்.

அவளிடம் இப்போது பாதி சொல்லியாகிவிட்டது. சைக்கிள் செய்வது தெரியும், எனக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "இந்த உயரத்துல நீங்க உட்கார்ந்தா முழங்கால் காதுல இடிக்கும்" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அச்சு உட்கார்ந்துவிட்டது. கிராங்க் சுற்றினால் கொஞ்சமும் ஆடவில்லை. சக்கரம் இரண்டும் இடிக்காமல் சுற்றுகிறது. பிரேக் ரிம்மில் சரியாகப் படுகிறது. இடது கையால் பிடிக்க முடியாததைப் பல்லாலும் முழங்காலாலும் பிடித்துக்கொள்கிறேன். பாக்கி செயின், பிரேக் கம்பி, சீட், சீட் கம்பி. இவ்வளவுதான். சீட் கம்பி 26.4, இங்கே கிடைக்காது என்று எழுதியிருந்தேன், உங்கள் கடையில் பாருங்கள்.

போன வாரம் டாக்டர் வலது கையை அழுத்திப் பார்த்தார். இந்தத் தடவை திசைத் தப்பு இல்லை மச்சான். நிஜமாகவே ஆரம்பித்துவிட்டது. ஆறு வாரம், கூடிப்போனால் எட்டு வாரம்தான் இந்தக் கை வேலை செய்யும் என்கிறார், அதுவரைக்கும் பாரமான வேலை செய்யாதீர்கள் என்கிறார். எனக்கு அதுவே போதும். நீங்கள் அனுப்பினால் இரண்டு நாளில் முடித்துவிடுவேன். இதை முடித்துவிட்டேன் என்றால் எனக்கு வேறு எந்த வேலையும் பாக்கி இல்லை. அப்புறம் எது எப்போது வந்தாலும் சரிதான்.

அலுவலகத்தில் மாதக் கடைசியோடு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், கோடு நேராக வரவில்லை. இனி வீட்டு முகவரிக்கே எழுதுங்கள். தபால் வரும் நேரத்தில் அவள் வேலையில் இருப்பாள்.

உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது?
மாப்பிள்ளை


ஏப்ரல் 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இடுப்பு பரவாயில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை நெருக்கடி. மழைக்காலத்துக்கு முன்னால் எல்லாருக்கும் திடீரென்று சைக்கிள் ஞாபகம் வந்துவிடும். போதாததற்குக் கோடை மழையில் மேல்கூரை ஒழுகுகிறது, நேற்று முழுக்க ஏணியில் நின்றேன். பக்கத்துக் கடைக்காரர் கிளி வளர்க்கிறார், அது நாள் பூராவும் எங்கள் காற்றடிக்கும் பம்ப் மாதிரியே கத்துகிறது. ஆட்கள் டயருக்குக் காற்று அடிக்கிறார்கள் என்று நினைத்து நான் உட்கார்ந்திருப்பேன், பார்த்தால் கிளி.

கேட்ட சாமான் எல்லாம் பார்சலில் இருக்கிறது. செயின், பிரேக் கம்பி, சீட், சீட் கம்பி. அவசரப்படாதீர்கள். சேரவில்லை என்றால் உடனே எழுதுங்கள், மாற்றி அனுப்புகிறேன். எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை. நல்ல வேலைக்கு நாள் பிடிக்கத்தான் செய்யும்.

டாக்டர் சொன்னதைக் கேளுங்கள்.
மச்சான்


ஜூன் 4

அன்புள்ள மச்சானுக்கு,

சுகமா? இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேசையில் கையை வைத்து, தோளால் தள்ளி எழுதுகிறேன்.

செயின் போட்டுவிட்டேன். பிரேக் கம்பி இழுத்துவிட்டேன். சீட் கம்பி மட்டும் இறங்கவில்லை. குழாயின் வாயிலேயே நின்றுவிட்டது. மறுபடி அளந்து பார்க்க அலுவலக வெர்னியரும் இப்போது என்னிடம் இல்லை. உள்ளே துரு இருக்கும் என்று நினைத்தேன். உப்புக் காகிதத்தைக் குச்சியில் சுற்றி உள்ளே தேய்த்தேன். அப்புறம் கம்பியையும் தேய்த்தேன். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், நாலு வாரம். ஒரு விரல் ஆழம் இறங்கியது, அதோடு நின்றுவிட்டது.

நீங்கள் அனுப்பிய சாமான் தப்பாக இருக்காது. அச்சு, கப், சக்கரம் எல்லாம் அளந்து செய்தது மாதிரி உட்கார்ந்தது. என் அளவுதான் தப்பு. மூன்று தடவை எடுத்தும் தப்பாக எடுத்திருக்கிறேன். இருபது வருஷம் அளந்து வரைந்தவன், மனைவிக்குச் செய்கிற ஒரு காரியத்தில் அளவைக் கோட்டைவிட்டுவிட்டேன். கை கெடுவதற்கு முன்னாலேயே கண் கெட்டிருக்கும்போல. மன்னித்துவிடுங்கள், உங்களுக்கும் வீண் அலைச்சல்.

போன வியாழக்கிழமையிலிருந்து ஸ்பானர் கையில் நிற்கவில்லை. விழுந்துவிடுகிறது. இனி முடியாது மச்சான்.

மாப்பிள்ளை


ஜூன் 8

மாப்பிள்ளை,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அளவு தப்பில்லை. 26.4 என்று நீங்கள் எழுதியது சரி. நான் அனுப்பியது 26.8. தெரிந்தேதான் அனுப்பினேன்.

இதை முடித்துவிட்டால் வேறு வேலை பாக்கி இல்லை, அப்புறம் எது வந்தாலும் சரி என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. பத்து நாள் பார்சல் கட்டாமல் வைத்திருந்தேன். அலமாரியில் 26.4-ம் 26.8-ம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. முதலில் சரியானதைத்தான் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டு மற்றதை எடுத்தேன். இது சேராது, எழுதிக் கேட்பார், இரண்டு வாரம் போகும், மறுபடி ஒன்று அனுப்பலாம், அதுவரை அவருக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும், வேலை பாக்கி இருக்கிற மனுஷன் இருப்பார் என்று நினைத்தேன். முட்டாள்தனம். ஆனால் அன்றைக்கு அது எனக்கு நல்ல யோசனையாகத் தெரிந்தது.

சேரவில்லை என்று நீங்கள் உடனே எழுதுவீர்கள் என்று தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரக்கணக்கில் எதுவும் வரவில்லை. எப்படியோ சமாளித்து முடித்துவிட்டீர்கள் என்றுகூட நினைத்தேன். நீங்கள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. உங்களையே சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். அந்த நாலு வாரத்தையும் கையில் மிச்சம் இருந்ததையும் நான்தான் தின்றுவிட்டேன்.

சரியான கம்பியை இத்துடன் அனுப்புகிறேன். இப்போது அனுப்பி என்ன? இருந்தாலும் அனுப்புகிறேன். அவளிடம் இனியும் மறைக்காதீர்கள். என்னை என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.

மச்சான்


ஜூன் 15

அண்ணா,

நான்தான் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கடைசியில் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு விடுமுறை. அவரால் உறையைக் கிழிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீயே படிச்சிடு. சத்தமா படி" என்றார். எனக்கு எல்லாம் தெரியவந்தது அப்படித்தான், உன் கையெழுத்தில், என் வாயாலேயே. பாதியில் நிறுத்தி எது வரும், என்ன வேலை பாக்கி, என்ன சொல்கிறான் அண்ணன் என்று கேட்டேன். அவர் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னார். சிக்னலில் விழுந்தது, டாக்டர், எல்லாம்.

கழுத்து நரம்பு என்று சொன்னதை நான் நம்பினேன். நம்பாமல் இருக்க வேண்டிய அளவுக்கு எல்லாம் கண்ணெதிரே நடந்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, டம்ளர் விழுந்தது. நம்புவது சுலபமாக இருந்தது, அதனால் நம்பினேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

கடிதத்தை முடித்ததும் "அளவு பத்தின அந்த வரியை இன்னொரு தடவ படி" என்றார். உங்கள் அளவு தப்பில்லை என்ற வரி. படித்தேன். "இன்னொரு தடவ" என்றார். அப்புறம், "அப்போ என் அளவு சரிதான்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். கண்ணைத் துடைக்கக் கை மேலே போகவில்லை. நான் துடைத்தேன். நோயைப் பற்றிச் சொன்னபோதுகூட அவர் அழவில்லை அண்ணா.

மறுநாள் பின்னறையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் சீட் கம்பியைப் போட்டேன். சறுக்கிக்கொண்டு இறங்கியது. போல்ட்டை நான்தான் இறுக்கினேன். நான் பிடித்திருந்த ஸ்பானரையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்றார். அதைச் சொன்ன முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரே ஒரு போல்ட் அண்ணா. அவர் கையால் இறுக்க வேண்டியது அந்த ஒன்றுதான்.

மச்சான் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அது அவர் சொன்னது.

எனக்குக் கோபம் இருக்கிறது. நாலு வாரம், தினமும் சாயங்காலம், நான் முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்கும். மனுஷனுக்கு ஏதோ பொழுதுபோக்கு, செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தால் எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதில் மிச்சம் இருந்த பலம் கொஞ்சம்தான், அதில் எனக்கும் பங்கு இருந்தது. என் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடிக்கவாவது ஆகியிருக்கும். அவர் என்னிடம் மறைத்தார், நீ அவரிடம் மறைத்தாய். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதை இரும்பில் தேய்த்துத் தீர்த்துவிட்டீர்கள்.

நான் வேலையை விட முடியாது, இனி என் சம்பளம்தான் எங்களுக்கு. தினமும் காலையில் சைக்கிளில்தான் போகிறேன். கால் சரியாக எட்டுகிறது. போகும்போது தட்டில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போகிறேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மூடியது மூடியபடியே இருக்கிறது. கேட்டால் பசிக்கவில்லை என்கிறார்.

உடம்பு எப்படி இருக்கிறது உனக்கு? இடுப்புவலி இருந்தாலும் இருக்கட்டும், ஷட்டரைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டு வா. எந்தச் சாமானும் எடுத்து வராதே. மத்தியானம் அவருக்கு ஊட்டிவிட ஒரு ஆள் வேண்டும். உன் கை நன்றாகத்தானே இருக்கிறது.

தங்கை